பி வரிசையில் எங்கள் பெயர்

அன்றைக்கு 'பி' எழுத்து. எங்கள் இரவுப் பாடசாலையில் நாள் ஒன்றுக்கு இருபது சொல் என்பது கணக்கு. ஒருவர் எழுந்து சொல்லைப் படிக்க வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் தப்பாக இருந்தால் மற்றவர்கள் திருத்தலாம், சிரிக்கக் கூடாது. 'பால்ட்ரி' வந்தது. அற்பமான தொகை என்று பொருள். நூறு நாள் வேலைச் சம்பளத்தை வைத்து அதற்கு வாக்கியம் சொன்னோம். 'பானசீயா' வந்தது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. 'பாராகான்' வந்தது. அடுத்த சொல்லைப் படிக்க எழுந்த தங்கை பாதியில் நின்றுவிட்டாள்.

"பாரியா. பெயர்ச்சொல். சமூகத்தால் வெறுத்து ஒதுக்கப்பட்டவர். இணைச்சொல், அவுட்காஸ்ட்."

புத்தகத்தை மூடாமல் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அண்ணா, இது நாமதானே?"

ஆமாம், நாம்தான். பறையர் என்ற பெயர்தான் 1600களின் தொடக்கத்தில் ஐரோப்பியர்களின் எழுத்தில் ஏறி ஆங்கிலத்தில் 'பாரியா' ஆனது. பறை அடிப்பவர் என்பதுதான் அதன் வேர் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. கடல் தாண்டிப் போன பிறகு அதற்கு 'யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்' என்று பொருள் ஆகிவிட்டது. மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் 'பாரியா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. எழுதுகிறவர்களில் பலருக்கு அது உயிரோடு இருக்கும் மக்களின் பெயர் என்றே தெரியாது. வங்கித் தேர்வுக்கான சொற்பட்டியல்களில் அது ஒரு மதிப்பெண் சொல். 'பாராகா'னுக்கும் 'பார்சிமோனிய'ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு மீதிப் பதினாறு சொல்லும் படிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றிய பேச்சு எங்களுக்குள் பல மாதம் நடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கூடவே, ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பமே போடாமல் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நாங்கள் எப்படிப் படித்தோம் என்பதையும் சொல்கிறோம்.

நாங்கள் பதினான்கு பேர். விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனி. காலனி என்பதும் ஆங்கிலச் சொல்தான். குடியேற்றம் என்று பொருள். தமிழ்நாட்டில் அதற்குச் சேரி என்று பொருள் வந்தது. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அறிவிப்பு வந்த மறுநாளும் பேருந்து நடத்துநர் "காலனி ஸ்டாப்பிங் எறங்கு" என்றுதான் சொன்னார். அந்தக் காலனியின் அம்பேத்கர் மன்றத்தில் ஒரு டியூப் லைட், இரண்டு பாய், சுவரில் கரும்பலகை. சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன், எட்டரைக்கு மேல் எங்களுக்கு. பதினான்கு பேரில் ஒன்பது பேர் பெண்கள். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கில வழி என்று பெயர், ஆனால் அங்கேயும் நோட்ஸை மனப்பாடம் செய்துதான் தேறினோம். ஒரு பக்கம் ஆங்கிலத்தைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.

"இயக்கம், போராட்டம்னு பேசிட்டுக் கடைசியில பேங்க் வேலைக்குத்தான் படிக்கிறீங்களா?" என்று எங்கள் தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் எங்களிடம் இருக்கிறது.

எங்களில் ஒருத்தியின் அம்மா நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனார். பணம் ஏறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல் "கேஒய்சி பெண்டிங், சீடிங் ஆகல" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். "படிச்சவங்க யாரையாவது கூட்டிட்டு வா" என்று பதில் வந்தது. அம்மா வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கல்லூரியில் இருந்த மகளுக்குப் போன் செய்து, "பெண்டிங்கினா என்னம்மா?" என்று கேட்டார். அந்த மகள் இப்போது எங்கள் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருவர் இருந்தால், அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லியிருப்பார். "உட்காருங்கம்மா" என்றும் சொல்லியிருப்பார். எங்களுக்கு இந்தத் தேர்வு முதலில் சம்பளத்துக்காக. இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். அடுத்தது அந்த நாற்காலிக்காக.

இன்னொன்றும் உண்டு. வங்கியும் நாணயமும் நமக்குப் புதிய இடமா? புரட்சியாளர் அம்பேத்கர் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டன் பொருளியல் கல்லூரியில் செய்த ஆய்வு 1923இல் புத்தகமாக வந்தது. 1925இல் இந்திய நாணய முறையை ஆராய வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையம் பரிந்துரைத்த மத்திய வங்கிதான் பிறகு ரிசர்வ் வங்கி என்ற பெயரில் 1935 ஏப்ரல் 1இல் தொடங்கியது. தேர்வுக்குப் படிக்கும் வங்கிப் பொது அறிவுப் புத்தகங்களில் ரிசர்வ் வங்கி தொடங்கிய தேதி இருக்கும். இந்தச் செய்தி இருக்காது. நாங்கள் பக்க ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டோம்.

சரி, தேர்வு எப்படிப்பட்டது? ஐபிபிஎஸ் நடத்தும் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி, ஒரு மணி நேரம். அதில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 நொடி. தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் போகும். மொத்தத்தில் நன்றாக வாங்கினாலும் போதாது, ஒவ்வொரு பகுதியிலும் தனியாகக் கட்-ஆஃப் தாண்ட வேண்டும். கணக்கில் முப்பது வாங்கிவிட்டு ஆங்கிலத்தில் தோற்று வெளியே வந்தவர்கள் எங்களில் நான்கு பேர். 2021இல் எடுத்த முடிவுக்குப் பிறகு கிளார்க் தேர்வில் கணக்கையும் ரீசனிங்கையும் தமிழில் எழுதலாம். பிஓ தேர்வில் அது கிடையாது, ஆங்கிலம் அல்லது இந்திதான். இந்தி பேசும் மாணவர் மற்ற பகுதிகளைத் தாய்மொழியில் படிக்கிறார். நம் பிள்ளைகள் கணக்கையும் ஆங்கிலத்தில்தான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இடஒதுக்கீடு இருக்கிறதே, உங்களுக்கு எளிதுதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019இல் ஸ்டேட் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக்கான கட்-ஆஃப் பொதுப் பிரிவுக்கு 61.25. பிற்படுத்தப்பட்டோருக்கு 61.25. பட்டியல் சாதியினருக்கும் அதே 61.25. பழங்குடியினருக்கு 53.75. பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு 28.5. இந்த ஐந்து எண்ணையும் எங்கள் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதி வைத்திருக்கிறோம். யாராவது "கோட்டா" என்று பேச்சை எடுத்தால் சுவரைக் காட்டுவோம்.

இனி, படித்த கதை.

கோச்சிங் சென்டருக்குப் போனவர்கள் எங்களில் இரண்டு பேர். ஒருவர் பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டார். இன்னொருவர் முடித்தார். ஆனால் அங்கே முதல் வகுப்பிலேயே "பேசிக் கிராமர் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று தாண்டிவிட்டார்களாம். அந்தத் தெரிந்திருக்கும் என்ற இடத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். அதனால் நாங்கள் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகத்திலிருந்து தொடங்கினோம். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. பிள்ளைகளிடமே கடன் வாங்கிப் படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அக்கா வருவார். எங்கள் பக்கத்து ஊர்க் காலனியில் முதன்முதலில் வங்கி வேலைக்குப் போனவர். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "தமிழ்ல உங்களுக்கு ஏற்கெனவே இலக்கணம் தெரியும். அதை வச்சு இங்கிலீஷைப் பிடிங்க." அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள் என்று சொல்லும்போது எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுகிறது. ஆங்கிலத்திலும் அதேதான். தேர்வு வைப்பவர்கள் செய்யும் தந்திரம் என்னவென்றால், எழுவாயையும் வினையையும் தூரத் தூரமாக வைத்து நடுவில் நான்கைந்து சொல்லைத் திணிப்பார்கள். 'தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ்' என்று தொடங்கினால் கண் 'கேண்டிடேட்ஸ்' மேல் நின்று 'ஆர்' போடச் சொல்லும். எழுவாய் 'லிஸ்ட்'. அது ஒன்றுதான். ஆகவே 'இஸ்'. நடுவில் இருப்பதைப் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். 'ஒன் ஆஃப் தி' என்று வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. இந்த இரண்டு விதியில் மட்டும் எங்களுக்கு இரண்டு மூன்று மதிப்பெண் கூடியது.

தமிழில் இல்லாதது எதுவோ அதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். 'அ', 'அன்', 'தி' தமிழில் இல்லை. அதனால் காது அதைத் தேடுவதே இல்லை. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்று அக்கா சொன்னார். 'ஹவர்' என்று எழுதினாலும் சொல்லும்போது 'அவர்', ஆகவே 'அன்'. 'யுனிவர்சிட்டி' என்பது 'யு' என்று தொடங்குகிறது, ஆகவே 'அ'. ப்ரெபொசிஷன் இன்னொரு தொல்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நிற்கும். எதற்கு எது என்பதற்கு விதி தேடிக் களைத்துவிட்டோம். கடைசியில் வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்தோம். 'டிபெண்ட்' என்று தனியாகப் படிக்காமல் 'டிபெண்ட் ஆன்' என்றே படிப்பது. 'கம்ப்ளை' வேண்டாம், 'கம்ப்ளை வித்'. தினம் ஐந்து.

காம்ப்ரிஹென்ஷனுக்குத் தினமும் ஓர் ஆங்கில நாளிதழ்த் தலையங்கம். அதோடு வாரம் ஒரு நாள், அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளான 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. சின்னப் புத்தகம், எளிய வாக்கியங்கள். முதல் பகுதியில் பையனாக இருந்த அம்பேத்கர் அப்பாவைப் பார்க்க ரயிலில் போய், ஸ்டேஷனில் வண்டி கிடைக்காமல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி தவிப்பார். அகராதி பார்க்காமலே எங்களுக்குப் புரிந்தது. முதன்முதலாக ஓர் ஆங்கிலப் பக்கத்தை இடையில் நிற்காமல் படித்து முடித்தோம். தோழர்களே, ஆங்கிலம் வரவில்லை என்றால் இங்கே தொடங்குங்கள். கதை நமக்குத் தெரிந்ததாக இருந்தால் மொழி பாதி இறங்கிவிடும்.

ப்ரோநவுன் பாடம் நடந்த அன்று ஒரு விஷயத்தைக் கவனித்தோம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. நீ கிடையாது, நீங்கள் கிடையாது. அவன், அவர் இரண்டும் 'ஹி'. எங்கள் தாத்தாக்களை ஊர்த் தெருவில் பத்து வயதுப் பையன்கள் பெயர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழின் மரியாதைப் பன்மை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்து சேர்ந்ததே இல்லை. ஒரு தம்பி "இங்கிலீஷ்ல எல்லாரும் சமம்ணா" என்றான். அக்கா சிரித்தார். "என் பிராஞ்சுல வந்து பாரு. 'யூ'ன்னுதான் சொல்வாங்க. ஆனா யார் நின்னுக்கிட்டுக் கேக்கணும், யார் உக்காந்துக்கிட்டுக் கேக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்."

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பாங்கா என்ற கிராமத்தில் 2010இல் தலித் மக்கள் ஆங்கிலத்துக்குத் தேவி என்று பெயர் வைத்துக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அதற்கும் வெகு காலத்துக்கு முன், 1854இல் வெளிவந்த தன் கவிதைத் தொகுப்பிலேயே சாவித்ரிபாய் பூலே ஆங்கிலம் கற்கச் சொல்லி எழுதினார். அவர்களின் தேவை எங்களுக்குப் புரிகிறது. சமஸ்கிருதம் படிக்கக் கேட்ட அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டு அவர் பாரசீகம் எடுத்த நாட்டில், யாரும் வாசலில் நின்று தடுக்காத ஒரு மொழி பெரிய விஷயம்தான். ஆனால் எங்களுக்கு ஆங்கிலம் தேவியாகத் தெரியவில்லை. நம் பெயரை எடுத்து அகராதியில் வசைச்சொல்லாக வைத்த மொழியும் அதுதானே. கருவியாக எடுத்துக்கொள்கிறோம். அரிவாளை எடுத்தால் அதன் கூர் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அந்தக் கூர் எங்கே என்பது வாய்ஸ் பாடத்தில் நன்றாகத் தெரிந்தது.

ஆக்டிவ், பேசிவ். செய்வினை, செயப்பாட்டுவினை. இலக்கணப் புத்தகம் ஒரு விதி சொல்கிறது: செய்தவர் யார் என்பது முக்கியமில்லை என்றாலோ, எல்லோருக்கும் தெரிந்தது என்றாலோ, 'பை' என்று தொடங்கும் பகுதியை விட்டுவிடலாம். பயிற்சிக்கு அக்கா பழைய செய்தித்தாள்களைக் கொடுத்து, பேசிவ் வாக்கியங்களை ஆக்டிவாக மாற்றச் சொன்னார். நாங்கள் முதலில் எடுத்தது வழக்கமாக டிசம்பர் 25 அன்று வரும் செய்தி. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 'வேர் பர்ன்ட்'. ஆக்டிவாக மாற்ற எழுவாய் வேண்டும். செய்தியில் எழுவாய் இல்லை. எங்களுக்குத் தெரியும், நிலக்கிழார்களும் அவர்களின் அடியாட்களும். கரும்பலகையில் அதை எழுவாயாக எழுதி வாக்கியத்தை முடித்தோம். அதே செய்திதான், படிக்கும்போது வேறாக இருந்தது.

பிறகு வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் 'கலக்கப்பட்டது'. இன்றைக்கும் எல்லாச் செய்தியிலும் இந்த வாக்கியம் பேசிவில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி போலீஸ் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எழுதியது. பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூன்று பேரின் பெயரை எழுதியது. வேங்கைவயல் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அந்த வாக்கியத்தை நாங்கள் ஆக்டிவாக மாற்றவில்லை. கோடிட்ட இடமாகவே விட்டோம். எழுவாயை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான் என்று தோன்றியது.

எங்கள் அம்மாக்கள் யாரும் பேசிவில் பேசுவதில்லை. "அடிச்சாங்க", "எரிச்சானுங்க", "பணத்தைப் புடிச்சிக்கிட்டான்" என்றுதான் சொல்வார்கள். 'தாக்கப்பட்டனர்' என்பது காகிதத்தில் வரும் தமிழ். புகார் எழுதும்போது அதுதான் நம் கைக்கும் வந்துவிடுகிறது. தேர்வுக்குப் படித்ததில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுதப் போகும் தோழர்கள் யாராக இருந்தாலும், தமிழோ ஆங்கிலமோ, முதல் வரியிலேயே எழுவாயை எழுதுங்கள். யார், யாரை, எங்கே, என்ன செய்தார்கள்.

இப்போது பாரியாவுக்கு வருவோம்.

அந்தச் சொல்லை என்ன செய்வது என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவோம், படிக்க வேண்டாம் என்றது. மற்றது, படித்துத்தான் ஆக வேண்டும், தேர்வில் வந்தால் ஒரு மதிப்பெண்ணை ஏன் விட வேண்டும் என்றது. பேச்சு முடியாமல் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் காசு சேர்த்து வாங்கிய ஆன்லைன் மாக் டெஸ்டில் அது கேள்வியாகவே வந்தது. 'பாரியா'வுக்கு நெருங்கிய பொருள் தரும் சொல் எது? நான்கு விடை. சரியான விடை எங்கள் பதினான்கு பேருக்கும் தெரியும். பதின்மூன்று பேர் குறித்தோம். அந்தத் தங்கை மட்டும் விட்டுவிட்டாள். அந்த டெஸ்டில் ஆங்கிலத்தில் கட்-ஆஃபுக்கு அவளுக்குக் குறைந்தது முக்கால் மதிப்பெண்.

"தெரிஞ்சும் ஏம்மா விட்ட?" என்று அக்கா கேட்டார்.

"டிக் அடிச்சா ஆமாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருக்குக்கா."

"நீ ஒத்துக்கல. அவங்க அகராதியில என்ன எழுதியிருக்காங்கன்னு உனக்குத் தெரியும்னு காட்டுற. அவ்வளவுதான். இதுக்காக ஒரு சீட்டை விட்டுட்டு வந்தா நாளைக்கு அந்த நாற்காலியில யார் உக்காருவா?"

"உங்களுக்கு அது ஒரு மார்க்கா இருக்கலாம்க்கா. எனக்கு அது எங்க தாத்தா."

அவளுடைய தாத்தா பறை அடித்தவர். சாவுக்கு அடித்துவிட்டு, ஊர்க்காரர்கள் தரையில் போட்ட காசைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது என்று ஒரு நாள் பறையைப் பரணில் போட்டவர். இப்போது அந்தப் பேத்தி கலை இரவுகளில் பறை அடிக்கிறாள். இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல முடியும்? அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் இரட்டைமலை சீனிவாசனைப் பற்றிப் படித்தோம். 1893இல் தாத்தா ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. சொல்லவே கூசும்படி பிறர் ஆக்கி வைத்த பெயரை, தலைப்பில் போட்டுக் காசு கொடுத்து வாங்க வைத்தார். அதே காலத்தில் இன்னொன்றும் செய்தார். ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடத்தினால் எல்லாப் பதவியிலும் உயர்சாதியினரே வந்து உட்கார்ந்து நம்மை மேலும் நசுக்குவார்கள் என்று, 3412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். போட்டித் தேர்வு என்பது வெறும் தேர்வில்லை, அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி என்று நூற்றி முப்பது வருடத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கத் தெரிந்திருக்கிறது.

அதைப் படித்த பிறகு தங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். பிஓ தேர்வின் இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதும் தேர்வும் உண்டு, 25 மதிப்பெண், 30 நிமிடம். அதற்கு எப்படியும் எழுதிப் பழக வேண்டும். "முதல் கடிதத்தை அந்த மாக் டெஸ்ட் கம்பெனிக்கே எழுதுறேன்" என்றாள். அந்தக் கேள்வியை நீக்கச் சொல்லி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் யாருடைய பெயர் அது என்று விளக்கி ஒரு பக்கம். ஏழு தடவை திருத்தினோம். 'தி' எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரம் சண்டை. 'வி ஆர் ஹர்ட்' என்று முதலில் எழுதியிருந்தாள். பேசிவ் வேண்டாம் என்று 'யுவர் கொஸ்டின் ஹர்ட்ஸ் அஸ்' என்று மாற்றினோம். கடைசியாக அவள் வாசித்தபோது அதில் ஒரு பிழைகூட இல்லை. எங்கள் பாடசாலையிலிருந்து வெளியே போன பிழையில்லாத முதல் ஆங்கிலப் பக்கம் அது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. உங்கள் கருத்து 'ஹாஸ் பீன் நோட்டட்'. கவனத்தில் கொள்ளப்பட்டது.

யாரால் என்று கேட்டுப் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

அடுத்த மாதம் பார்த்தோம், கேள்வி அப்படியே இருந்தது. அவள் இரண்டாவது கடிதம் எழுதினாள். இன்னும் பதில் இல்லை. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சொற்பட்டியலில் அந்தச் சொல்லை நாங்கள் அடிக்கவில்லை. எங்கள் நோட்டில் அதற்கு இரண்டு வரி எழுதினோம். முதல் வரி, தேர்வு எதிர்பார்க்கும் பொருள். இரண்டாவது வரி, எங்கள் பொருள்: பறை அடிக்கத் தெரிந்த மக்களின் பெயர், 1893இல் ஒரு பத்திரிகையின் தலைப்பு. உண்மைத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் குறிப்பதா விடுவதா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டோம். தங்கை இன்னும் விடத்தான் போகிறாள் என்று நினைக்கிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணை ஈடுகட்ட அவள் தினம் ஐந்து ப்ரெபொசிஷன் கூடுதலாகப் படிக்கிறாள். இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்படின்னா சரி" என்றார்.

கடந்த முறை கிளார்க் முதல்நிலையில் எங்களில் ஐந்து பேர் தேறினோம். தங்கையும் அதில் ஒருத்தி. ஆங்கிலத்தில் எங்கள் ஐந்து பேரில் அவளுக்குத்தான் அதிகம். இரண்டாம் கட்டத்தில் ஒருவர்தான் தாண்டினார். இப்போது பக்கத்து மாவட்டத்தில் ஒரு கிளையில் இருக்கிறார். சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குப் போன் செய்து, "இன்னைக்கு ஓர் அம்மாவுக்குப் பெண்டிங்னா என்னன்னு சொன்னேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் மறுபடி எழுதுகிறோம்.

தம்பி தங்கைகளே, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐபிபிஎஸ் விண்ணப்பக் கட்டணம் 175 ரூபாய். வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. தேர்வுக்கு முந்தைய பயிற்சியும் உண்டு, விண்ணப்பத்தில் அதைக் கேட்கும் இடத்தில் 'எஸ்' போட மறக்காதீர்கள். பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். உங்கள் காலனியில் ஒரு மன்றம் இருக்கும், ஒரு விளக்கு இருக்கும். நான்கு பேர் சேர்ந்தால் போதும். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்க வெட்கப்படாதீர்கள். வேலைக்குப் போய்விட்ட அண்ணன்களே, அக்காக்களே, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய தெருவுக்கு வாருங்கள்.

நாங்கள் இப்போது 'ஆர்' வரிசையில் இருக்கிறோம். நேற்று வந்த சொல் 'ரெட்ரெஸ்'. இழைத்த அநீதியைச் சரிசெய்தல். வாக்கியம் சொல்ல எல்லோரும் கை தூக்கினோம்.

ஜெய்பீம்.